துரும்பனும் திரும்பிப் பார்த்த எருமைகளும்

ஒரு காட்டில், குழந்தைகளே, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அதனால் அங்கே யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய தொல்லை இருக்கவில்லை.

அந்தக் காட்டுக்கு மேட்டுக்காடு என்று பெயர். அதற்குக் கீழே, ஒரு பாறைச் சுனைக்கு அந்தப் பக்கம், பள்ளக்காடு இருந்தது. சித்திரை பிறந்தால் ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். இரண்டு காட்டுக்கும் அந்த ஒரே சுனைதான். முதலில் குடிப்பவர்களுக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். அடுத்து வருபவர்களுக்குச் சேறுதான். இதற்காக வருஷக்கணக்கில் முட்டி மோதி, கொம்பு உடைந்து, காது கிழிந்த பிறகு, இரண்டு காட்டாருக்கும் ஒருநாள் புத்தி வந்தது. சண்டைக்குப் பதிலாக ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டார்கள். அதுதான் விளாங்காய் ஆட்டம்.

ஆட்டம் எளிது. நடுவில் எறிமேடு என்று ஒரு மண்மேடு. அதன்மேல் எறிவீரன் நிற்பான். அவனுக்கு முன்னால் காவலர் மூவர் சுவர்போல நிற்பார்கள். அவன் கைக்கு விளாங்காய் வந்ததும் எதிராளிகள் அவனைத் தள்ளிவிட ஓடிவருவார்கள். காவலர்கள் அவர்களைத் தடுக்க வேண்டும். அதற்குள் அவன், தூரத்தில் உள்ள இரட்டைப் புற்றுக்கு அப்பால் ஓடும் தன் ஆளைப் பார்த்து எறிய வேண்டும். அந்த ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. எறியும் முன்பே விழுந்தால் அந்தக் காய் வீண். ஆட்டத்துக்கு ஒவ்வொரு காட்டுக்கும் பன்னிரண்டு காய். ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்ற காடு கோடை முழுவதும் முதலில் தண்ணீர் குடிக்கும்.

அந்த வருஷம் மேட்டுக்காட்டின் எறிவீரன் ஒரு இளங்குரங்கு. உடம்பில் சதையே கிடையாது என்பதால் துரும்பன் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு அந்த மேட்டின் மேல் அப்படியொரு ஆசை. விளாங்காய் கிடைக்காத மாதங்களில் கல்லை எறிந்தான். கல் கிடைக்காதபோது காய்ந்த சாணி உருண்டையை எறிந்தான். எறிமேட்டில் ஏறச் சொன்ன அன்று அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"இந்த மேட்டுல நின்னுடணும். அது போதும் எனக்கு" என்று தன் அம்மாவிடம் சொன்னான்.

நின்றுவிட வேண்டும் என்று அவன் கேட்டதைக் கவனியுங்கள். அது ஒன்றுதான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

முதல் ஆட்டம் நடந்தது. துரும்பன் கையில் காய் வந்தது. யாரைப் பார்த்து எறியலாம் என்று தலையைத் தூக்கினான். அதற்குள் பள்ளக்காட்டுக் காட்டுப்பன்றி ஒன்று அவன் இடுப்பில் மோதியது. துரும்பன் ஒரு பக்கம் விழுந்தான், காய் ஒரு பக்கம் விழுந்தது. எழுந்தான். மறுபடி காய் வந்தது. மறுபடி பன்றி வந்தது. இப்படியே பொழுது போயிற்று. பன்னிரண்டு காயில் இரண்டுதான் தேறின. பள்ளக்காட்டுக்கு நான்கு. இத்தனைக்கும் பள்ளக்காட்டின் எறிவீரன் ஒரு கிழக்குரங்கு. பாதிக் காய்களை எறியாமல் உடைத்துத் தின்றுவிட்டது.

மேட்டுக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்த மாலை எல்லோரும் வழுக்குப்பாறையில் கூடுவார்கள். எறிவீரனைப் பற்றிப் பேசுவார்கள். பேசி முடித்ததும் ஆளுக்கொரு கூழாங்கல்லை இரண்டு குவியலில் ஒன்றில் போடுவார்கள். ஒரு குவியல் 'இருக்கட்டும்'. இன்னொன்று 'போகட்டும்'. போகட்டும் குவியல் பெரிதானால் அந்த எறிவீரன் அன்றோடு சரி. மேட்டுக்காட்டுக்காக அப்புறம் அவன் எறிமேட்டில் ஏறக் கூடாது. ஓடுகிறவர்களுக்கும் காவலர்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஒருவரைப் பற்றிப் பேசவே பொழுது போதவில்லை.

முதலில் ஆமை பேசியது. ஆமைக்குப் பழைய காலம் மட்டும்தான் பிடிக்கும்.

"பெருங்கையன்னு ஒருத்தன் இருந்தான்யா. அவன் எறிஞ்சா காய் மேகத்துல உரசிட்டுத்தான் கீழ வரும். நான் கண்ணால பார்த்தேன். அந்த மேட்டுல இன்னிக்கு இந்த முருங்கைக் குச்சி நிக்குது. தலையெழுத்து!"

சென்ற வருஷம் பெருங்கையனின் காய் தென்னை உயரம்தான் போயிருந்தது. அதற்கு முந்தைய வருஷம் பனை உயரம் கூட இல்லை. பெருங்கையன் செத்து இருபது வருஷமாகியும் அவன் கைக்கு வலு கூடிக்கொண்டே இருந்தது.

அடுத்து அணில் எழுந்தது. அணிலுக்குக் கணக்குப் பைத்தியம்.

"பன்னெண்டுல ரெண்டு! நான் வாயால பேசமாட்டேன், எண்ணிக்கை பேசும். பன்னெண்டுல ரெண்டு!"

"அவன் எத்தனை தடவை கீழ விழுந்தான்னு எண்ணினீங்களா?" என்று ஒரு முயல் கேட்டது.

"அது என் கணக்குல வராது" என்றது அணில்.

பச்சோந்தி இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே பேசியது. "சின்னப் பையன். போகப் போகத் தேறுவான்னு தோணுது. தேறமாட்டான்னும் தோணுது. எது நடந்தாலும் நான் முன்னாடியே சொன்னதை மறந்துடாதீங்க."

கடைசியாக எல்லோரும் ஆந்தையைப் பார்த்தார்கள். ஆட்டம் பகலில் நடக்கும். ஆந்தை பகலில் தூங்கும். ஆகவே பிறந்த நாள் முதல் அது ஒரு ஆட்டம் கூடப் பார்த்ததில்லை. பாரபட்சம் இல்லாமல் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று காடே மதித்தது.

"அவன்கிட்ட அந்தத் தீ இல்லை" என்றது ஆந்தை.

"ஆகா!" என்றது கூட்டம்.

அன்றைக்குக் குவியல்களை எண்ணினார்கள். இருக்கட்டும் என்ற குவியலில் ஒரே ஒரு கல் அதிகம். அந்தக் கல்லைப் போட்டது துரும்பனின் அம்மா. துரும்பன் பாறைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டான்.  பிறகு வலிக்கிற இடுப்பைத் தடவிக்கொண்டே போனான்.

சரி, காவலர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

காவலர்கள் மூன்று எருமைகள். மூத்தவன் பெயர் கருமலை. ஒவ்வொன்றும் ஒரு குன்று. மூன்றும் நேராக நின்றால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் எருமைகளும் மேட்டுக்காட்டுக்காரர்கள்தானே? மாலையில் பாறையில் கூடிப் பேச அவர்களுக்கும் நாலு வார்த்தை வேண்டாமா? துரும்பன் இன்றைக்கு எப்படிக் கையை ஓங்குகிறான், முகம் வெளிறுகிறதா, கால் நடுங்குகிறதா என்று பார்த்தால்தானே பேச முடியும்?

அதனால் துரும்பன் கைக்குக் காய் வந்ததும் மூன்று எருமைகளும் அப்படியே பின்னால் திரும்பி அவனைப் பார்த்தன.

பன்றிகள் அவற்றின் வாலுக்குப் பக்கமாக நிம்மதியாக உள்ளே வந்தன.

மேட்டுக்காட்டில் இதை யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் துரும்பன் மேலேயே இருந்தது. பார்த்தது ஒரே ஒருவர், பள்ளக்காட்டின் தலைவரான நரி. அதற்குத் தன் கண்ணையே முதலில் நம்ப முடியவில்லை. பிறகு தன் மைனாவைக் கூப்பிட்டது.

"மேட்டுக்காட்டுக்குப் போ. பாதி மரத்துல உட்கார்ந்து, துரும்பன் மாதிரி ஒரு வீரன் பிறந்ததே இல்லைன்னு சொல்லு. மீதி மரத்துல உட்கார்ந்து, அவன் ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டான்னு சொல்லு."

"இதுல எது உண்மைங்க தலைவரே?"

"எது உண்மையா இருந்தா நமக்கென்ன? பேச்சு மட்டும் ஓயக் கூடாது."

மைனா போய்ச் சொல்லிற்று. அதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை. ஏற்கனவே எரிகிற வீட்டில் ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்த பத்து நாட்களும் மேட்டுக்காட்டில் வேறு பேச்சே இல்லை. மான்கள் மேய்வதை விட்டுவிட்டுப் பேசின. ஒரு கொக்கு பேசிக்கொண்டே இருந்து வாயில் இருந்த மீனை நழுவவிட்டது. அதற்கும் துரும்பன்தான் காரணம் என்றது.

இரண்டாவது ஆட்டம் வந்தது. இந்த முறை எருமைகள் இன்னும் ஆவலோடு திரும்பின. துரும்பன் இன்னும் வேகமாக விழுந்தான். ஏழாவது தடவை விழுந்து, வாயில் போன மண்ணைத் துப்பிக்கொண்டு எழுந்தபோதுதான் அவன் ஒன்றைக் கவனித்தான். அவன் காவலர்களின் முகம் அவனுக்குத் தெரிந்தது. மூன்று முகமும் தெரிந்தன.

காவலுக்கு நிற்பவர்களின் முதுகுதானே எனக்குத் தெரிய வேண்டும் என்று யோசித்தான்.

இடைவேளையில் கருமலையின் பக்கம் போனான். வயதில் மூத்தவரிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படியே பேசினான்.

"கருமலை அண்ணே, ஒரு வார்த்தை. தப்பா நினைச்சுக்காதீங்க. காய் என் கைக்கு வந்ததும் நீங்க கொஞ்சம் முன்னால பார்த்தா…"

கருமலை மென்று கொண்டிருந்ததை நிறுத்தியது. "என்ன சொன்னே?"

"முன்னால பார்த்தா பன்றி வர்றது தெரியும்னு…"

"எனக்குப் பாடம் சொல்லித் தர்றியா? உன் அப்பன் மரத்துல தொங்கிட்டிருந்த காலத்துலேயே நான் காவலுக்கு நின்னவன்டா. பெருங்கையனுக்கே நின்னவன். அவன் ஒரு நாளாவது என்னைக் குறை சொல்லியிருப்பானா? விழுந்தா எழுந்திருக்கத் தெரியணும். அடுத்தவன் மேல பழி போடத் தெரிஞ்சா மட்டும் போதுமா?"

"பழி போடலை அண்ணே…"

"போ போ. போய் எறியக் கத்துக்கோ."

உண்மையில் பெருங்கையன் காலத்தில் வழுக்குப்பாறைக் கூட்டம் என்ற ஒன்றே கிடையாது. யாரும் எறிவீரனைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமும் கருமலைக்கு அப்போது இருக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லப் பெருங்கையன் உயிரோடு இல்லை.

இரண்டாவது ஆட்டத்திலும் தோல்வி. மேட்டுக்காட்டுக்கு ஒன்று, பள்ளக்காட்டுக்கு மூன்று. துரும்பன் விழுந்துகொண்டே எறிந்த இரண்டு நல்ல காய்களை, புற்றுக்கு அப்பால் ஓடிய முயல் தவறவிட்டது. காய் பக்கத்தில் வந்ததும் அது கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. அணிலின் கணக்கில் அதுவும் வரவில்லை.

அன்று மாலை பாறையில் இடமே இல்லை. தொலைவில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கருமலை நடுவில் வந்து நின்று, தொண்டையைச் செருமியது.

"எனக்கு யார் மேலயும் கோபமில்லை. ஆனா சொல்லாம இருக்க முடியலை. அவன் என்கிட்ட வந்து, உங்களாலதான் நான் விழுறேன்னு சொன்னான்."

பாறை கொதித்தது.

"திமிரைப் பார்த்தீங்களா!" என்றது ஆமை. "பெருங்கையன் இப்படி ஒரு வார்த்தை பேசியிருப்பானா?"

"இருபத்துநாலுல மூணு!" என்றது அணில். "இருபத்துநாலுல மூணு வச்சுக்கிட்டு வாய் வேற!"

"கை சரியில்லைன்னாகூடப் பொறுத்துக்கலாம். மனசு சரியில்லையே" என்றது பச்சோந்தி. சிவப்பாக இருந்த கூட்டத்தின் நடுவில் அதுவும் நன்றாகச் சிவந்திருந்தது.

துரும்பனுக்குத் தாங்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து நடுவில் நின்றான். "எனக்கு ஒரே ஒரு காய் குடுங்க! அவங்க முன்னால பார்த்து நிக்கட்டும். நான் நின்னுக்கிட்டு ஒரு காய் எறியறேன். அதைப் பார்த்துட்டு விரட்டுங்க. நான் எதுவும் சொல்லமாட்டேன்!"

"பார்த்தீங்களா, மறுபடியும் அவங்களைத்தான் சொல்றான்" என்றது ஆமை.

கற்கள் விழத் தொடங்கின. கடைசியில் இரண்டு குவியலும் சமமாக வந்தன. ஆந்தையின் கல் மட்டும் பாக்கி. அப்போதுதான் தூக்கம் கலைந்து வந்திருந்த ஆந்தை, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கொட்டாவி விட்டது.

"இன்னிக்கு ஆட்டம் இருந்துதா?" என்று பக்கத்தில் கேட்டது.

"இருந்துதுங்க. தோத்துட்டோம்."

"அப்படியா. அவன்கிட்ட அந்தத் தீ இல்லைன்னு நான்தான் சொன்னேனே." போகட்டும் குவியலில் கல்லைப் போட்டது.

துரும்பன் கீழே இறங்கினான். அவன் அம்மா கூடவே வந்தாள். வழியில் அவன் அழுதான். குழந்தைகளே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசைப்பட்ட இடத்தை ஒருமுறைகூடச் சரியாக நின்று பார்க்காமல் இழந்தால் யாருக்கும் அழுகை வரும்.

மேட்டுக்காட்டார் உடனே ஆள் தேடினார்கள். மேற்கு மலையிலிருந்து ஒரு சிங்கவால் குரங்கை அழைத்துவந்தார்கள். பெயர் அருவியான். பிடரி மயிர் பெரிது, தோள் பெரிது, புகழ் அதைவிடப் பெரிது. அவன் வந்து இறங்கிய அன்று ஆமையே ஒரு அடி வேகமாக நடந்ததாகச் சொல்கிறார்கள்.

"இவனைப் பார்த்தா பெருங்கையனைப் பார்த்த மாதிரியே இருக்கு!" என்றது ஆமை. அருவியான் இன்னும் கையைக்கூட உயர்த்தியிருக்கவில்லை.

இந்தச் சேதி பள்ளக்காட்டுக்கு எட்டியதும் நரிக்குக் கவலை வந்துவிட்டது.

"துரும்பனை அனுப்பிட்டாங்களா? கெட்டுது காரியம்! எல்லாருக்கும் திருப்தி வந்துட்டா பேச்சு நின்னுடும். பேச்சு நின்னா அந்த எருமைங்க முன்னால பார்க்க ஆரம்பிச்சுடும்."

நரி அன்றைக்கே கிளம்பி, சுனைக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்த துரும்பனைத் தேடி வந்தது.

"தம்பி, எங்களுக்காக மேட்டுல வந்து நிக்கிறியா?"

துரும்பன் நம்பவில்லை. "நான் நல்லா எறிவேன்னு நினைச்சா கூப்பிடறீங்க?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லை" என்றது நரி. நரியிடம் ஆயிரம் கள்ளத்தனம் உண்டு. ஆனால் தேவைப்படாத இடத்தில் அது பொய் சொல்லி வீணாக்காது. "நீ நல்லவனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்க காட்டுக்காரங்களுக்கும் தெரியாது. உனக்கே தெரியாது. நீ நின்னுக்கிட்டு எறிஞ்சதை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லை."

"அப்புறம் எதுக்கு நான்?"

"நீ எங்க பக்கம் நின்னா உங்க எருமைங்க உன்னையே பார்த்துக்கிட்டு நிக்கும். அது போதும். எறியறதும் எறியாததும் உன் இஷ்டம்."

 தன்னை ஒரு பொம்மையாக வைக்கப் போகிறார்கள் என்பது துரும்பனுக்குப் புரிந்தது. வலித்தது. ஆனால் மேடு என்றால் மேடுதானே?

"எறிவேன்" என்றான்.

"எறி. எங்க காவலுக்கும் பன்றிங்கதான். அதுங்க பின்னால திரும்பாது. பின்னால ஒருத்தன் இருக்கிறதே அதுங்களுக்கு ஞாபகம் இருக்காது."

மூன்றாவது ஆட்டத்துக்கு இரண்டு காடும் திரண்டு வந்தன. துரும்பனை எதிர்ப்பக்கத்தில் பார்த்ததும் மேட்டுக்காட்டார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"குப்பையில போட்டதை எடுத்து வச்சிருக்காங்க பாருங்க!" என்று அணில் கத்தியது.

முதலில் மேட்டுக்காட்டின் முறை. அருவியான் மேட்டில் ஏறி, பிடரியைச் சிலிர்த்துக்கொண்டான். காய் அவன் கைக்கு வந்தது. எருமைகள் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நரிக்கு வீண் கவலை. இடது எருமை திரும்பிப் புதியவனின் பிடரியைப் பார்த்தது. வலது எருமை, பிடரி மட்டும் போதுமா என்று யோசித்தபடி அதையே பார்த்தது. கருமலையோ, ஓரத்தில் நிற்கும் துரும்பன் பொறாமையில் வேகிறானா என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவு வழி திறந்தது. அருவியான் அழகாகக் கையை ஓங்கினான். ஓங்கிய கையோடு அழகாக விழுந்தான்.

அடுத்து பள்ளக்காட்டின் முறை. துரும்பன் மேட்டில் ஏறினான். காய் வந்தது. வந்ததுமே, பழக்கம் பாருங்கள், யாரும் தொடாமலே பொத்தென்று கீழே உட்கார்ந்துகொண்டான்.

மேட்டுக்காடு விழுந்து விழுந்து சிரித்தது. "தள்ள ஆளே வேணாம், தானா விழுறான்!"

துரும்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். யாரும் வரவில்லை. மூன்று பன்றிகள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மண்ணைக் கிளறி உறுமிக்கொண்டு நின்றன. இவ்வளவு அழகான முதுகுகளை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மறுபடி காய் வந்தது. நின்றான். ஒன்று எண்ணினான், இரண்டு எண்ணினான். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். புற்றுக்கு அப்பால் ஒரு செந்நாய் ஓடுவது தெரிந்தது. அதன் காது தெரிந்தது, மூக்கு தெரிந்தது. மேட்டில் நின்றால் இத்தனை தெரியுமா என்று அவனுக்கே ஆச்சரியம். கையை ஓங்கி எறிந்தான். காய் மேகத்தில் எல்லாம் உரசவில்லை. நேராகப் போய், ஓடுகிற செந்நாயின் வாயில் விழுந்தது.

சிரிப்பு நின்றது.

பன்னிரண்டு காயில் ஒன்பது. அருவியானுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அந்த ஒன்றும், அவன் விழும்போது கைதவறிப் போனது. துரும்பன் கடைசிக் காயை எறிந்துவிட்டு மேட்டை விட்டு இறங்கவே இல்லை. அப்படியே நின்றான். அவன் அம்மா மேட்டுக்காட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் மறந்து எழுந்து கத்தினாள். அவளை யாரும் அதட்டவில்லை. எல்லோரும் அருவியானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரை வந்தது. சேதி சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் வெயில் எல்லோருக்கும் சொல்லிற்று. காலையில் இரண்டு காடும் சுனைக்கு வந்தன. பள்ளக்காட்டார் முன்னால் நின்றார்கள். மேட்டுக்காட்டார் பின்னால், நாக்கு உலர, வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் அருவியான் நொண்டிக்கொண்டு நின்றான்.

"துரும்பன் பெரிய ஆளா வருவான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றது பச்சோந்தி.

"எண்ணிக்கை அப்பவே காட்டிக் குடுத்துது" என்றது அணில்.

"பெருங்கையனுக்கு அப்புறம் அவன்தான்னு என் வாய் வரைக்கும் வந்துது" என்றது ஆமை. "நீங்கதான் பேச விடலை. அது போகட்டும். இந்த அருவியான் இருக்கானே, இவன் தேறுவான்னா நினைக்கிறீங்க?"

அவ்வளவுதான். வரிசை முழுவதும் பின்னால் திரும்பியது.

"தோள் இருக்கு, வேகம் இல்லை."

"பன்னெண்டுல ஒண்ணு!"

"முதல் வருஷம்தானே, பார்க்கலாம்."

"நான் அவன் கிட்டத்துலயே நின்னு பார்த்தேன்" என்றது கருமலை பெருமையாக. "என்னை விட யாருக்கும் தெரியாது. விழும்போது அவன் முகத்தைப் பார்க்கணும்! பயந்தாங்கொள்ளி."

பகலாகிவிட்டதால் ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்திலேயே "தீ இல்லை" என்றது.

முன்னால் துரும்பன் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். சுனையில் இன்னும் கொஞ்சம் தெளிந்த நீர் இருந்தது. என்ன இருந்தாலும் பிறந்த காட்டார் அல்லவா? அவனுக்கு மனம் கேட்கவில்லை.

"ஆமையாரே, உங்க முறை வந்துடுச்சு. தண்ணி இன்னும் கலங்கலை, வாங்க!" என்று கூப்பிட்டான்.

யாரும் திரும்பவில்லை.

"கருமலை அண்ணே! முன்னால பாருங்க! தண்ணி!"

எல்லோரும் அருவியானின் தோளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். துரும்பன் மூன்றாவது முறையும் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு அம்மாவோடு நடந்தான். பள்ளக்காட்டுப் பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் சந்தோஷமாக இரண்டாம் முறையும் சுனைக்குள் இறங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, சேற்றிலும் கொஞ்சம் புரண்டுவிட்டுப் போயின.

நீதி: முன்னே நின்று காக்க வேண்டியவர்கள் திரும்பி நின்று வேடிக்கை பார்த்தால், பின்னே நிற்பவனின் திறமை ஒருவருக்கும் தெரியாது.